மூங்கிலில் ஊதும் ஆர்கன்: மணிலா, போஹோல் பயணக் குறிப்புகள்

ஜூலை 8, செவ்வாய் – இன்ட்ராமுரோஸ்

மணிலாவில் இந்த மாதம் வெயிலும் மழையும் முறை வைத்து வருவதில்லை, சேர்ந்தே வருகின்றன. காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மக்காத்தியில் கால் சென்டரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் வீட்டில்தான் தங்கல். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவன் தூங்கப் போகும்முன், "அண்ணே, குடையை எடுத்துக்கிடுங்க, இந்த ஊர் வானத்தை நம்பாதீங்க" என்றான்.

தெருமுனைக் கடையில் தப்சிலோக் சாப்பிட்டேன். பூண்டு போட்டு வறுத்த சோறு, இனிப்பும் புளிப்புமாக ஊறிய மாட்டிறைச்சி, மேலே ஒரு பொரித்த முட்டை. 130 பேசோ. ஒரு பேசோ நம் ஒன்றரை ரூபாய் என்று வைத்தால் சென்னை விலைதான். காலையிலேயே சோறா என்று கேட்பவர்களுக்கு இந்த ஊர் ஒத்துவராது. எனக்கு ரொம்பவே ஒத்துப்போனது.

இன்ட்ராமுரோஸ் என்பது ஸ்பானியர்கள் கட்டிய மதில் நகரம். 1945 பிப்ரவரியில் ஜப்பானியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் நடந்த மணிலாச் சண்டையில் மதிலுக்குள் இருந்த ஏழு கோயில்களில் ஆறு போய்விட்டன. மிஞ்சியது சான் அகுஸ்தின் மட்டும், 1607-ல் கட்டி முடித்தது. உள்ளே கூரையை அண்ணாந்து பார்த்தால் செதுக்கிய பூவேலை மாதிரி தெரிகிறது. எல்லாம் வெறும் பெயின்ட். 1875-ல் இரண்டு இத்தாலியர்கள் கூரையில் நிழல் போட்டு வரைந்தது. மேலே பாடகர் மாடத்தில் பழைய ஸ்பானிய ஆர்கன், குழாய்களுக்குள் காற்றை ஊதி ஒலிக்கும் பெரிய வாத்தியம்.

சர்ச்சில் ஆர்கன் என்றாலே எனக்கு ஆசை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கத்தைக் காட்டிலும் வாத்தியப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் நான். அதனால் பக்கத்திலிருக்கும் மணிலா பேராலயத்துக்கும் போனேன். சண்டையில் இடிந்ததை 1958-ல் கட்டி முடித்து, ஹாலந்திலிருந்து பெல்ஸ் கம்பெனியின் ஆர்கனை வரவழைத்து வைத்தார்கள். 4,500 குழாய்கள். எதிரே உள்ள சதுக்கத்தில் கல்யாண ஜோடிகள் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசல் காவலரிடம் ஆர்கன் எப்போது வாசிப்பார்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ஆர்கன் கேட்க வேண்டுமா? லாஸ் பின்யாஸ் போங்கள், மூங்கில் ஆர்கன் இருக்கிறது" என்றார். கேள்விக்குப் பதில் இல்லை என்றாலும் பதில் நல்ல பதில்.

ஜூலை 9, புதன் – லாஸ் பின்யாஸ்

பக்லாரனில் ரயிலை விட்டு இறங்கினால் கால் வைக்க இடமில்லை. புதன்கிழமை இங்கே இடைவிடா சகாய மாதா நவநாள். மணிலாவின் பாதி ஜனம் அன்றைக்கு இந்தக் கோயிலுக்குத்தான் வரும்போல. மெழுகுவத்தி, மல்லிகைச் சரம், வறுத்த வேர்க்கடலை, பத்து பேசோ சாக்ஸ், எல்லாம் ரோட்டிலேயே கடை. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போனவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஜீப்பை நீட்டிய மாதிரி இருக்கும் ஊர்ப் பொது வண்டியான ஜீப்னி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம்.

சபோட்டே போகும் ஜீப்னி. கட்டணம் 13 பேசோ. கண்டக்டர் கிடையாது. பின்னால் உட்கார்ந்தவர் காசை முன்னால் இருப்பவரிடம் நீட்டுவார், அது கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போகும், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். என் 100 பேசோ நோட்டு ஐந்து கை தாண்டிப் போய், 87 பேசோவாகச் சரியாகத் திரும்பியது. யாரும் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. இறங்க வேண்டிய இடத்தை எதிரே இருந்த பள்ளிக்கூடப் பெண் எனக்காகக் கூரையைத் தட்டி நிறுத்தச் சொன்னாள்.

புனித சூசையப்பர் கோயில் கல் கட்டடம். உள்ளே விளக்குக் கொத்தும் கூரையும் மூங்கில். திரும்பிப் பின்பக்க மாடத்தைப் பார்த்தால் அதுவும் மூங்கில். சுமார் 5 மீட்டர் உயரம். கணுக்கள் தெரிய வரிசையாக நிற்கும் மூங்கில் குழாய்கள், நடுவிலிருந்து நம் முகத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் உலோக எக்காளங்கள். மொத்தம் 1,031 குழாய்களில் 902 மூங்கில், 129 உலோகம்.

டிக்கெட் வாங்கினால் ஒரு வழிகாட்டி மேலே அழைத்துப் போய் விளக்கம் சொல்லிக் கொஞ்சம் வாசித்தும் காட்டுகிறார். எனக்கு வாய்த்தது இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். நானும் கொரியாவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதியும் மட்டும்தான் கூட்டம்.

டியேகோ செரா என்ற அகுஸ்தீனிய ரெகொலெக்ட் சபைச் சாமியார், ஸ்பெயினின் அரகோன் பக்கத்துக்காரர். இந்தப் பங்குக்கு முதல் பங்குத்தந்தையாக வந்து கோயிலையும் கட்டி, 1816-ல் ஆர்கன் வேலையை ஆரம்பித்தார். ஈயம், தகரத்துக்குக் கடல் தாண்டிக் காசு போக வேண்டும். மூங்கில் ஊரிலேயே கிடைத்தது. ஆனால் மூங்கில் உளுத்துப் போகும். அதனால் வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்தார். உப்பும் ஈரமும் உளுப்பூச்சிக்குத் தின்னக் கிடைப்பதை அழித்துவிடும். தோண்டி எடுத்தபோது பழுதில்லாமல் இருந்தவை மட்டும் குழாயாயின. நம் பக்கம் வீடு வேய வெட்டிய மூங்கிலைக் குளத்தில் ஊறப் போடுவதும் இதே காரணத்துக்குத்தான். 1821-ல் வாசிக்கும் நிலைக்கு வந்தது. எக்காளக் குழாய்கள் மட்டும் பாக்கி. அந்த முழக்கம் மூங்கிலில் வராது என்று தெரிந்து அவற்றை உலோகத்தில் செய்து 1824-ல் முடித்தார். 1832-ல் இறந்தும் போனார்.

அப்புறம் நடந்ததுதான் கதை. நிலநடுக்கங்கள் வந்தன. 1880-ல் வந்தது பெரிது. இரண்டு வருடத்தில் புயல் கூரையைப் பிய்த்தது. மழை நேராக ஆர்கன்மேல். மிஞ்சிய குழாய்களைக் கழற்றி ஓர் அறையில் அடுக்கினார்கள். இதையெல்லாம் நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது, அந்தப் பெண் கை விரலை மடக்கிச் சொன்ன அடுத்த காரணம்: 1898-ல் ஸ்பெயின் ஆட்சி முடிந்தது, சாமியார்கள் போனார்கள், அவர்களோடு இதைச் சுருதி சேர்க்கத் தெரிந்த கைகளும் போயின. நிலநடுக்கம் உடைத்ததை ஒட்டிவிடலாம். எது எந்தக் குழாய் என்று தெரிந்த ஆள் இல்லாவிட்டால் குவித்து வைத்த மூங்கில் வெறும் விறகு. நல்லவேளையாக விறகாகவில்லை. 1910-களில் வந்த பெல்ஜிய நாட்டுப் பங்குத்தந்தை ஒருவர் அறையில் கிடந்ததைப் பார்த்து ஊர்க்காரர்களைச் சேர்த்து ஓரளவு பேச வைத்தார். அதன்பிறகும் அரைகுறைச் சுருதியில் ஒரு வேடிக்கைப் பொருளாகத்தான் இருந்தது. 1973-ல் முழுதாகக் கழற்றி ஜெர்மனியில் பான் நகரத்து கிளைஸ் பட்டறைக்கு அனுப்பினார்கள். ஐரோப்பியக் குளிரின் வறட்சியில் மூங்கில் வெடித்துவிடும் என்று அங்கே இதற்காகவே வெப்பமண்டல ஈரப்பதத்தோடு தனி அறை ஒன்று ஏற்பாடானது. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து 1975 மே 9-ல் முதல் கச்சேரி. 1976-லிருந்து வருடா வருடம் விழா, பிப்ரவரியில் நடக்கும்.

சரி, சத்தம் எப்படி? செருப்பைக் கழற்றிவிட்டு அவள் உட்கார்ந்தாள். ஒரே ஒரு வரிசைக் கட்டைகள்தான். எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்டாப் பிடிகள் இடப்பக்கம் தனி, வலப்பக்கம் தனி. ஸ்பானிய ஆர்கன் வழக்கப்படி கீழ்ச்சுரங்களுக்கு ஒரு குரலும் மேல்சுரங்களுக்கு வேறு குரலும் கொடுத்துக்கொள்ளலாம். முதலில் தனி மூங்கில். கட்டையை அழுத்தியதும் சுரம் உடனே குதிப்பதில்லை, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் தொடங்குகிறது. மென்மையான, காற்று கலந்த குரல். உலோகக் குழாயின் பளபளப்பு சுத்தமாக இல்லை. அடுத்து ஒரு பிடியை இழுத்தாள், பறவைகள் கத்தின. நீரில் அமிழ்ந்த சிறு குழாய்கள் அவை. முரசு மாதிரி உறுமும் ஒரு ஸ்டாப்பும் உண்டு. கடைசியில் எக்காளங்கள். கொரியத் தாத்தா பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தார்.

பக்கவாட்டில் நின்று பார்த்தால் கட்டைக்கும் காற்றுப் பெட்டிக்கும் நடுவே மரக்கோல்கள் மேலும் கீழும் ஓடுவது தெரிகிறது. ஒரு மேல்சுரம் லேசாகச் சுருதி விலகி இருந்தது, எனக்கே கேட்டது. "மதியம் அப்படித்தான்" என்றாள். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், சுருதி ஏறும். குழாய்கள் எல்லாம் சேர்ந்து ஏறினால் பரவாயில்லை, எக்காளங்கள் மற்றவற்றோடு சேர்ந்து ஏறாது. அதனால் சுருதி பார்க்கும் ஆள் ஊரிலேயே இருக்க வேண்டும். பான் நகரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஆள் வரமுடியுமா? இப்போது லாஸ் பின்யாஸிலேயே செரா பெயரில் ஆர்கன் பட்டறை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் தொழில் கற்று வந்தவர்கள் 1990-களில் தொடங்கியது. இந்த ஆர்கனை 2004-ல் மறுபடி பிரித்துச் செப்பனிட்டது அவர்களே. 1975-ஐவிட இதுதான் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது.

வெளியே வந்தால் மழை ரோட்டை முழங்கால் வரை நிரப்பி வைத்திருந்தது. ஒரு பெட்டிக்கடை அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்து உட்காரச் சொன்னார், ஒன்றும் வாங்கச் சொல்லவில்லை. நானாகவே வாழைப்பழத்தைச் சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் குத்தியது இரண்டு வாங்கினேன். ஒன்று 20 பேசோ. தண்ணீர் வடிய ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஜூலை 10, வியாழன் – மணிலா

மழை நிற்கவே இல்லை. தம்பிக்கு லீவ், ஆனால் தூங்கித் தீர்த்தான். மதியம் சினிகாங் சமைத்தான். புளி போட்ட மீன் சாறு, கீரையும் முள்ளங்கியும் கிடக்கும். ஊர்ப் புளிக்குழம்பில் மிளகாய்த்தூளை மறந்துவிட்டால் இப்படித்தான் வரும், மழைக்கு ஏற்றது.

நாலு மணிக்கு கியாப்போ பக்கம் சான் செபஸ்தியான் கோயிலுக்குப் போய் வந்தேன். செராவின் அதே சபை கட்டியது. முந்தைய கோயில்கள் நெருப்பிலும் நிலநடுக்கத்திலும் போய், 1880 நிலநடுக்கத்தில் கடைசியாக இருந்ததும் போனபின், இனிமேல் இரும்புதான் என்று முடிவு செய்து பெல்ஜியத்தில் எஃகுத் துண்டுகளாக வார்த்துக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து பூட்டினார்கள். 1891-ல் முடிந்தது. உள்ளே எல்லாத் தூணும் பளிங்கு மாதிரி தெரியும், தட்டினால் டங் என்கிறது. நிலநடுக்கத்துக்கு அசையவில்லை. ஆனால் தூண்கள் உள்ளே பொள்ளல், மழைநீர் இறங்கித் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. பெயின்ட் உப்பி உரிந்த இடத்தில் விரலை வைத்தேன், பழுப்புத் தூள் ஒட்டியது. ஒரே நிலநடுக்கத்தில் அடிபட்டவை இரண்டு. ஒன்றுக்கு இரும்பை நம்பினார்கள், இன்னொன்று மூங்கிலாகவே கிடந்தது. நேற்று நான் கேட்டது மூங்கிலை.

ஜூலை 11, வெள்ளி – போஹோல் போகும் வழி

காலை 9.40 விமானம் பிற்பகல் 3.15-க்குக் கிளம்பியது. காரணம் வானிலை என்று முதலில் சொன்னார்கள், பிறகு விமானமே வரவில்லை என்றார்கள், பிறகு எதுவும் சொல்லவில்லை. ஈடாக ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் தண்ணீரும். பக்கத்து இருக்கை அம்மா தன் டப்பாவிலிருந்து வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிப் பலகாரத்தை எடுத்து நீட்டினார். மறுத்தால் முகம் வாடுகிறது, வாங்கிக்கொண்டேன். போஹோலை ஒட்டிய பங்லாவோ தீவில் இறங்கியபோது இருட்டு. இரவுக்குச் சுட்ட கோழியும் சோறும், 165 பேசோ. தொட்டுக்கொள்ளக் கலமான்சி எலுமிச்சையும் சோயாவும் பச்சைமிளகாயும் நாமே நசுக்கிக்கொள்ள வேண்டும்.

ஜூலை 12, சனி – பக்லாயோன், லோபோக்

போஹோலின் தலைநகர் தக்பிலாரனிலிருந்து பக்லாயோன் பக்கம்தான். 1727-ல் முடிந்த கல் கோயில். சுண்ணாம்புக் காரையில் முட்டை வெள்ளைக்கரு கலந்து கட்டினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். நம் செட்டிநாட்டுச் சுவர்களுக்கும் இதே பெருமை உண்டு. மஞ்சள் கரு என்ன ஆனது? எதிர்த் தெருவில் ப்ரோவாஸ் விற்கிறார்கள், விரல் நீள முட்டை பிஸ்கட், இந்த ஊர்ச் சிறப்பு. ஒரு பொட்டலம் 60 பேசோ. வாயில் வைத்தால் கரைகிறது, பையில் வைத்தால் நொறுங்குகிறது.

பக்லாயோன் ஆர்கனும் 1824-ஐச் சேர்ந்தது, லாஸ் பின்யாஸ் வேலை முடிந்த அதே வருடம். இங்கேயும் அப்போது ரெகொலெக்ட் சாமியார்கள்தான். நெடுங்காலம் பேசாமல் கிடந்ததை லாஸ் பின்யாஸ் பட்டறைதான் 2008-ல் பாட வைத்தது. ஐந்தே வருடம். 2013 அக்டோபர் 15 காலை 8.12-க்கு 7.2 அளவு நிலநடுக்கம். இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தக் கோயிலின் முகப்பும் மணிக்கோபுரத்தின் மேல்பகுதியும் சரிந்தன. லூன், மரிபோஹோக் கோயில்கள் தரைமட்டம். பிறகு கல்லுக்கு எண் போட்டு அடுக்கி இதை மீண்டும் கட்டியிருக்கிறார்கள்.

பாடகர் மாடத்துக்குப் போகும் படியை இன்று அடைத்திருந்தார்கள். எவ்வளவு கேட்டும் காவலாளி சிரித்துக்கொண்டே தலையாட்டினாரே தவிர விடவில்லை. கோபப்படவும் முடியவில்லை; அத்தனை மரியாதையாக மறுத்தார். அருங்காட்சியகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தேன். தோலில் கையால் எழுதியவை, ஒரு பக்கமே ஒரு சிறுவன் உயரத்தில் பாதி இருக்கும். ஒரே புத்தகத்தைத் தள்ளி நின்று பாடகர் கூட்டம் முழுதும் பார்த்துப் பாட அவ்வளவு பெரிய எழுத்து. சதுரச் சுரக்குறிகள் கறுப்பு, கோடுகள் சிவப்பு. ஓரத்தில் பக்கம் புரட்டிப் புரட்டிக் கறுத்த விரல் தடம்.

மதியம் லோபோக். ஆற்றில் படகில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு, கூடவே இசையும் சத்தமாகப் போடுகிறார்கள். சாப்பாடு சுமார், ஆறு அருமை. கரையில் கோயிலைப் பார்த்து நீளும் ஒரு கான்கிரீட் பாலம் பாதியில் நிற்கிறது. நேராகப் போனால் பழைய கோயில் வளாகத்தில்தான் போய் முட்டும் என்று எதிர்ப்பு எழுந்து வேலை நின்றுபோனது. நிலநடுக்கத்தில் இந்தக் கோயிலும் பாதி விழுந்தது; திரும்பக் கட்டிவிட்டார்கள். பாலத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு – தக்பிலாரன்

விடுதிக்கு அடுத்த தெருக் கோயிலில் காலைப் பூசை. ஆர்கன் கிடையாது. ஒரு கீபோர்டு, இரண்டு கிட்டார், ஒரு கஹோன் பெட்டி முரசு. ஆனால் என்ன பாட்டு! கடைசி வரிசை வரை எல்லோரும் பாடுகிறார்கள், அதுவும் குரல் பிரித்து. 1960-களில் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைத் தாய்மொழிக்குத் திறந்துவிட்டபின் உலகம் முழுக்க நடந்ததுதான் இது. லத்தீன் போனது, கிட்டார் வந்தது, மாடத்து ஆர்கனைத் திறக்க அவசியம் குறைந்தது. ஆர்கன் பக்கம் நின்று இதைத் திட்ட வேண்டும் என்றுதான் பயணம் முழுக்க நினைத்திருந்தேன். இந்தப் பாட்டைக் கேட்டபின் வாய் வரவில்லை. கீபோர்டு நாற்பதாயிரம் பேசோவுக்குள் கிடைக்கும், ஒருவரே தூக்கிக்கொண்டு போகலாம், கரையான் பிடிக்காது. ஒரு பங்குத்தந்தை வேறு என்ன செய்வார்?

பூசை முடிந்ததும் கீபோர்டு வாசித்த பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். கல்லூரி மாணவன். மூங்கில் ஆர்கன் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்தது. பாடகர் குழுவோடு போனபோது அதில் இரண்டு நிமிடம் வாசிக்க விட்டார்களாம்.

"எப்படி இருந்தது?"

"கட்டை கனம் சார். அழுத்தினால் காற்று வந்து சேரக் காத்திருக்க வேண்டும். நான் அவசரப்பட்டுக்கொண்டே இருந்தேன்."

பிறகு தன் கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டி சர்ச் ஆர்கன் குரலை எடுத்தான். ஒலிபெருக்கியில் பிரம்மாண்டமாக எழுந்தது. "இது ஐரோப்பிய உலோக ஆர்கன், மூங்கில் குரல் இதில் இல்லை" என்று அவனே சொல்லி அணைத்துவிட்டு, அடுத்த பூசைக்கு வயர்களைச் சரிபார்க்கப் போனான்.

மதிய விமானம் அதிசயமாக நேரத்துக்குக் கிளம்பியது. ப்ரோவாஸ் நான்கு பொட்டலம் வாங்கியதில் பாதி தூளாகிவிட்டது. தம்பி அதைக் காபியில் கொட்டிக் கரண்டியால் சாப்பிட்டுவிட்டு, பிப்ரவரி விழாவுக்கு லீவ் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். ஆறு வருடமாக மணிலாவில் இருக்கிறான், லாஸ் பின்யாஸ் பக்கம் இன்னும் போனதில்லை.